நல்ல செய்தி கூப்பிடாது

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் பதின்மூன்று வருடத்தில் ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை. ஸ்கேன் முடிவு நன்றாக இருந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து மெசேஜ் வரும்: அடுத்த பரிசோதனை ஆறு மாதம் கழித்து. மோசமாக இருந்தால் போன் வரும். நல்லதைச் சொல்ல அங்கே யாருக்கும் நேரம் கிடையாது, கெட்டதைச் சொல்வதற்குத்தான் ஆள் போட்டிருக்கிறார்கள்.

எனக்குப் புற்றுநோய் முதலில் மார்பில் வந்தது. நாலு வருடம் கழித்து அதே பக்கம் மறுபடியும். அப்புறம் இடுப்பெலும்பு. அப்புறம் நுரையீரல். நாலு தடவையும் போன்தான். அந்த நம்பரின் கடைசி நாலு எண் 4417. எனக்கு என் கல்யாண நாள்கூட மறந்துபோகும், அந்த நாலு எண் மறக்காது.

பார்க்கிறவர்கள் எல்லாம் "நீங்க ஒரு போராளி" என்கிறார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்ன போராட்டம், யாரோடு? நான் கர்ட்டன் தைக்கிறவள். ஜன்னலை அளந்து, துணி வெட்டி, தைத்து, நானே ஏணியில் ஏறி மாட்டிவிட்டு வருகிறவள். நடுவில் இது வரும். ஊசி போடுவார்கள், முடி கொட்டும், வாயெல்லாம் புண்ணாகும், படுத்துக் கிடப்பேன். கொஞ்சம் தெம்பு வந்ததும் திரும்ப ஏணி ஏறுவேன். வேறு என்ன செய்யச் சொல்கிறார்கள்?

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ஸ்கேன் வாரத்தில் மட்டும் நான் மனுஷியே இல்லை. திங்கட்கிழமை அந்தக் குழாய்க்குள் போய்ப் படுத்துவிட்டு வந்தேன் என்றால் வியாழக்கிழமை சாயங்காலம் வரை குட்டி போட்ட பூனை மாதிரி அலைவேன். நேற்று அளந்த ஜன்னலை இன்று மறுபடி அளப்பேன். தைத்த கீழ்மடிப்பைப் பிரித்து இன்னொரு தடவை தைப்பேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியாது. என் வீட்டுக்காரர் இதற்கெல்லாம் அசரமாட்டார். பஸ் டிப்போவில் வண்டி வந்த நேரம், போன நேரம் குறிக்கிற உத்தியோகம் அவருக்கு. ஆனால் அவர் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் நாலு பஸ் போய்விடும். அதனால் நாங்கள் வைத்த பெயர் 'நிதானம்'.

இந்தத் தடவை ஸ்கேன் வாரத்தோடு கப்பலும் சேர்ந்துகொண்டது.

என் மகள் கப்பலில் எஞ்சின் வேலை பார்க்கப் படித்தவள். வீட்டில் அவளுக்கு 'வக்கீல்' என்று பெயர். பதினோரு வயதில், எனக்கு முதல் தடவை வந்தபோது, டாக்டரை மேஜைக்கு எதிரே நிறுத்தி வைத்துக் குறுக்கு விசாரணை செய்தவள். இப்போது இருபத்து நாலு. படிப்பு முடிந்ததும் முதல் கப்பலுக்கு அழைப்பு வந்தது. அந்த மாதம்தான் எனக்கு நுரையீரலில் வந்தது. போகமாட்டேன் என்றாள். அடுத்த வருடம் இரண்டாவது கப்பல் வந்தது. "ஸ்கேன் வரட்டும், பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள். கப்பல் போன மறுநாள் மெசேஜ் வந்தது, ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்று. இரண்டு தடவையும் நான் தொண்டை கிழியக் கத்தினேன், போடி போடி என்று. அவள் அசையவில்லை.

இது மூன்றாவது. இதையும் விட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். எட்டு மாதம் கடலில். சில நாள் போனே கிடைக்காது, நினைத்த நேரத்தில் இறங்கி வரவும் முடியாது. வெள்ளிக்கிழமை காலை கிளம்ப வேண்டும். இவளை எப்படியாவது அந்தக் கப்பலில் ஏற்றிவிட வேண்டும் என்று நான் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை பதினோரு மணி இருக்கும். ஒரு பல் டாக்டர் வீட்டு ஹாலில் ஏணி மேல் நிற்கிறேன். மொத்தம் பதினோரு ஜன்னல், ஆறாவதை மாட்டிக்கொண்டிருக்கிறேன். கீழே பையில் இருந்த போன் அடித்தது. அந்த வீட்டு அம்மா எடுத்து என்னிடம் நீட்டினார். 4417.

கையில் வாங்கிக்கொண்டு, அது அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

"எடுக்கலையாம்மா?"

"வேண்டாத ஆளுங்க. லோன் வேணுமான்னு கேப்பாங்க."

இன்னும் இரண்டு தடவை அடித்தது. அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். என் கணக்கு இதுதான்: நான் எடுக்கவில்லை என்றால் அவர்கள் சொல்லவில்லை. அவர்கள் சொல்லவில்லை என்றால் எனக்குத் தெரியாது. எனக்கே தெரியாததை வக்கீலுக்கு எப்படிச் சொல்வேன்? வெள்ளிக்கிழமை அவள் கிளம்பியதும் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாம். இரண்டு நாள்தானே. இப்படி நினைத்துக்கொண்டு மிச்சம் ஐந்து ஜன்னலையும் மாட்டிவிட்டு இறங்கினேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்த ஒண்ணுல மட்டும் பூவெல்லாம் கீழ பாக்குதே?" என்றார். துணியைத் தலைகீழாக மாட்டியிருக்கிறேன். இருபது வருடத் தொழிலில் முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். நானும் கூடவே மடித்துக் கொடுத்தேன். அந்த நீல வேலை உடுப்பைப் போட்டால் நீ பெட்ரோல் பங்க் ஆள் மாதிரி இருக்கிறாய் என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

திடீரென்று கையில் இருந்ததைக் கீழே வைத்தாள்.

"என்னாச்சும்மா உனக்கு?"

"எனக்கென்ன?"

"நீ வந்து ரெண்டு மணி நேரமாச்சு. இன்னும் ஒரு தடவைகூடத் திட்டல. ஸ்கேன் வாரம். ஒரு பாத்திரம் உருளல. போனைக் குடு."

"சார்ஜ் இல்ல."

"குடுன்னா குடு."

வாங்கி உயிர் கொடுத்தாள். மூன்று மிஸ்டு கால். எல்லாம் 4417. அவள் பெட்டியைத் திறந்து உடுப்புகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட ஆரம்பித்தாள்.

"ஏய்! எடுக்காதடி!"

"எப்ப வந்துச்சு போன்? காலைலேயா? காலைலேர்ந்து இதை வயித்துல வச்சுக்கிட்டுத்தான் என்கூடச் சிரிச்சியா? நீ மனுஷிதானா?"

"உன்னைக் கப்பல்ல ஏத்தணும். எனக்கு அது போதும்."

"உனக்குப் போதும். எனக்கு? நடுக்கடல்ல வச்சு எனக்குத் தெரியணுமா?"

இப்படியே ஏறிக்கொண்டு போனோம். நான் கத்த, அவள் கத்த, பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள், நன்றாகக் கேட்கட்டும் என்று. அப்போதுதான் நிதானம் வேலையிலிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டார். கை கழுவினார். துடைத்தார். கண்ணாடி தேடினார், கிடைத்தது, போட்டுக்கொண்டார். அதற்குள் எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு என் போனை எடுத்து, அந்த நம்பருக்கே திருப்பி அடித்து, ஸ்பீக்கரில் போட்டார். பதின்மூன்று வருடத்தில் எங்களில் யாரும் செய்யாத காரியம் அது. 4417 தான் எங்களைக் கூப்பிடும், நாங்கள் அதைக் கூப்பிட்டதில்லை.

எடுத்தது ஒரு புதுப் பெண். "ஆமா சார், நான்தான் கூப்பிட்டேன். மேடம் திங்கக்கிழமை ஸ்கேன் ரூம்ல டேப்பை விட்டுட்டுப் போயிட்டாங்க. துணி அளக்கற டேப்பு. மூணு தடவை அடிச்சேன், எடுக்கவே இல்ல."

உண்மைதான். உலோகம் எதுவும் கூடாது என்றார்கள். டேப்பின் இரண்டு முனையிலும் தகரம் இருக்கிறதே என்று கழுத்திலிருந்து கழற்றி நாற்காலியில் போட்டேன். என் தையல் கடையில் ஆறு டேப்பு கிடப்பதால் தேடவும் இல்லை.

"ரிசல்ட்டு?" என்றார் நிதானம்.

"அது டாக்டர் பாக்கணும் சார். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுவாங்க."

போனை வைத்ததும் வக்கீல்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் நான். ஒரு டேப்புக்காகவா நான் பூவையெல்லாம் தலைகீழாகத் தொங்கவிட்டேன் என்று சொன்னதும் நிதானமே கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவள் உடுப்புகளைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள்.

வியாழக்கிழமை யாரும் வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்குக் கீழே என் கடையில், துணி வெட்டுகிற மேஜை நடுவில் போனை வைத்துவிட்டு, அதைப் பார்க்காத மாதிரி மூன்று பேரும் சுற்றிக்கொண்டிருந்தோம். நான் வெட்ட வேண்டியதை எல்லாம் வெட்டிவிட்டு, வெட்ட வேண்டாததையும் வெட்டினேன். மணி நாலு ஆனது. ஐந்துக்குள் மெசேஜ் வர வேண்டும். நாலே முக்காலுக்குப் போன் அடித்தது.

இந்தத் தடவை நானே எடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டேன், ஒளித்தது போதும் என்று. பேசியது பழைய நர்ஸ். பதின்மூன்று வருடமாக என் நரம்பைத் தேடித் தேடி ஊசி குத்துகிறவள்.

"அக்கா, திங்கக்கிழமை டாக்டர் வரச் சொல்றாங்க. கூட யாரையாவது கூட்டிட்டு வாங்க."

"வந்துருச்சா?"

"நேர்ல வாங்கக்கா, பேசிக்கலாம்."

"என்கிட்ட என்ன ஒளிவு? சொல்லு."

"ஆமாக்கா. கல்லீரல்ல. சின்னதுதான். புது மருந்து ஒண்ணு வந்திருக்கு, டாக்டர் சொல்வாங்க."

சரி என்று வைத்தேன். எனக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. முந்தின நாள் முழுக்க அது வந்துவிட்டது என்று நினைத்துத்தானே நடமாடினேன்? உடனே மகள் பக்கம் திரும்பிச் சண்டைக்குத் தயாரானேன்.

"இத பாரு வக்கீல். ஒரு பேச்சும் வேண்டாம். நீ போற. நாளைக்குக் காலைல கப்பலுக்குப் போற."

"சரி," என்றாள்.

"சரின்னா என்ன சரி?"

"போறேன்மா."

கத்துவதற்கு எடுத்த மூச்சு உள்ளேயே நின்றுவிட்டது. அப்போதுதான் எனக்கு என் வண்டவாளம் தெரிந்தது. முதல் கப்பலுக்கும் போ என்றேன், இரண்டாவதுக்கும் போ என்றேன். மாட்டேன் என்பாள் என்ற தைரியத்தில்தான் அவ்வளவு சத்தமாகச் சொன்னேன். இருந்துவிட்டாள் என்றதும், வெளியே திட்டிக்கொண்டே, உள்ளே எவ்வளவு நிம்மதியாக இருந்தது! இந்த மூன்றாவது தடவையும் மாட்டேன் என்பாள் என்றுதான் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஏன்டி?" என்றேன்.

"நேத்து உன்னைப் பாத்தேன்ல. அப்படி ஒரு சேதியை வச்சுக்கிட்டு எனக்காகச் சிரிச்சுக்கிட்டு இருந்த. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் இருந்திருப்ப. நான் இருந்து உனக்கு என்ன செஞ்சேன்? நான் இருக்கேன்னு நீ அழாம இருந்த. உடம்பையும் பாத்துக்கிட்டு, எனக்காக நடிக்கவும் செஞ்ச. அது ஒரு தனி வேலைம்மா."

நிதானம் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

வக்கீல் என் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கி மேஜையில் வைத்தாள். "இப்ப ஒண்ணு கேக்கறேன். கப்பல், கம்பெனி, பட்டியல், எல்லாத்தையும் விடு. உனக்கு உள்ள என்ன இருக்கு? ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லு."

"போகக் கூடாதுன்னு இருக்குடி," என்றேன். "நீ போகவே கூடாதுன்னு இருக்கு. எனக்குப் பயமா இருக்கு. எட்டு மாசம் நான் இருப்பனான்னு பயமா இருக்கு."

இதை நான் டாக்டரிடம்கூடச் சொன்னதில்லை. அவள் கண் நிறைந்துவிட்டது, ஆனால் பார்வையை எடுக்கவில்லை.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றாள். "இப்பச் சொல்லு. போகட்டுமா?"

"போ."

காலை ஆறு மணிக்கு டாக்ஸி வந்தது. நிதானம் எப்போதும் இல்லாத அவசரத்தில் பெட்டியைத் தூக்கி வைத்தார். அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள், ஏறினாள், வண்டி கிளம்பியது. தெருமுனை திரும்பும் வரை கையை ஆட்டிக்கொண்டு நின்றேன். பிறகு நடுத்தெருவிலேயே அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, யார் பார்த்தால் என்ன என்று, ஓவென்று அழுதேன்.