இருபத்தொன்று முதல் இருபத்தைந்து வரை

ஒரே படத்தை ஐந்து தடவை ஒட்டி, கீழே ஐந்து பெயர் எழுதி அனுப்பினால் உங்களுக்கு என்ன தோன்றும்? டிசைன் செய்த ஆள் தூங்கி வழிந்திருக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையர்களோடு, அதாவது சரக்கு வாங்குகிறவர்களோடு, மெயிலில் மல்லுக்கட்டி, அவர்கள் கேட்டதைக் கேட்டபடி தைக்க வைத்து அனுப்புகிற வேலை. எட்டு வருஷமாக மற்றவர்களின் பையர்களுக்காக நூல், பட்டன், லேபிள் என்று துரத்திக்கொண்டிருந்தேன். கொலம்பியாவில் இருக்கும் யோலாந்தாதான் நானாகத் தேடிப் பிடித்த முதல் பையர். மலைக்கிராமம் ஒன்றில் பறவை பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டி. தங்குவதற்குச் சின்னதாக ஒரு விடுதியும் நடத்துகிறார். வருஷா வருஷம் அங்கே ஒரு பறவைத் திருவிழா. அதற்கு எண்ணூறு டீ-ஷர்ட் வேண்டும், முதுகில் அந்த மலையின் முப்பது பறவைகள் வேண்டும் என்று கேட்டிருந்தார்.

எங்கள் எம்.டி. திருமூர்த்தி சார் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, எண்ணூறு பீஸெல்லாம் ஒரு ஆர்டருங்களா? சரி, பண்ணுங்க. நல்லபடியாப் போச்சுன்னா உங்களுக்குத் தனி மேசை, தனி பையரு. சொதப்புச்சுன்னா மறுபடி பட்டனுதான்" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை.

எனக்கு முதலில் இந்தப் பறவை பார்க்கிற விஷயமே விளங்கவில்லை. ஆயிரக்கணக்கான மைல் விமானத்தில் போய், விடியுமுன் எழுந்து, மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு, ஒரு குருவியைப் பார்த்துவிட்டு நோட்டில் டிக் அடிக்கிறார்களாம். சில பேர் பார்க்காமலே, சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு டிக் அடிப்பார்களாம். கொலம்பியாவில் மட்டும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு மேல் பறவை வகைகள் என்று யோலாந்தா எழுதியிருந்தார். இணையத்தில் பார்த்தேன். இந்தியா முழுக்கச் சேர்த்தாலும் அதில் மூன்றில் இரண்டு பங்குதான் தேறும். அவ்வளவு இருக்கிற ஊரில் ஒரே சாம்பல் குருவியை எதற்கு ஐந்து தடவை போட வேண்டும்? இருபத்தொன்றிலிருந்து இருபத்தைந்து வரை கரிச்சட்டி நிறத்தில், வாலைத் தூக்கிக்கொண்டு, அச்சு அசலாக ஒரே குருவி. டபாகுலோ என்று எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். முன்னால் ஒட்டியிருக்கும் சொல்தான் வேறு வேறு.

என் பக்கத்தில் உட்காரும் சரவணக்குமார் போன வருஷம், A முதல் Z வரை போட்ட குழந்தைகள் சட்டையில் E என்ற எழுத்து இரண்டு முறை வந்ததைக் கவனிக்காமல் விட்டதில் மொத்த லாட்டும் திரும்பி வந்தது. அதிலிருந்து எனக்கு ஆர்ட்வொர்க் என்றாலே சந்தேகம். உடனே மெயில் போட்டேன்: "இருபத்தொன்று முதல் இருபத்தைந்து வரை ஒரே படம் வந்திருக்கிறது. உங்கள் டிசைனர் நல்ல தூக்கத்தில் இருந்தாரா? சரிபார்த்துச் சொல்லவும்."

மறுநாள் பதில் வந்தது. "சரியாகத்தான் இருக்கிறது. அவை பார்க்க ஒரே மாதிரிதான்."

ஒரே மாதிரி என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பிறகு எப்படிச் சரி? தலையைப் பிய்த்துக்கொண்டு இன்னொரு மெயில் போட்டேன். "ஒரே மாதிரி என்றால் ஒன்று இருந்தால் போதும்தானே?"

இதற்குப் பதில் இல்லை. ஒரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு யோலாந்தா மலை ஏறிவிட்டார், ஒன்பது நாளைக்கு சிக்னல் இருக்காது என்று தானியங்கிப் பதில் மட்டும் வந்தது. திருவிழாவுக்குச் சரக்கு போய்ச்சேர வேண்டுமானால் ஒன்பது நாள் காத்திருக்க முடியாது. எம்.டி.யிடம் போய்க் கேட்டேன். அவர் படத்தை இரண்டு நிமிஷம் பார்த்தார். "ஒண்ணை வெச்சுக்குங்க. மிச்ச நாலு எடத்துல நல்ல கலராப் போடுங்க. கருப்புக் குருவிய எவன் காசு குடுத்து வாங்குவான்?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. உதவி செய்வதாகவே நினைத்தேன், சத்தியமாக. இருபத்தொன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் தூக்கினேன். கொலம்பியாவின் அழகான பறவைகள் என்று தேடி ஒரு பஞ்சவர்ணக்கிளி, பெரிய மூக்குள்ள ஒரு டூக்கான், சிவப்பாக ஒன்று, நீலமாக ஒன்று என்று போட்டேன். சட்டையே களை கட்டிவிட்டது. எண்ணூறும் அச்சாகி, மடித்து, பாலிதீன் பைக்குள் போனது.

பத்தாம் நாள் சாயங்காலம் ஆறரைக்கு வீடியோ காலில் யோலாந்தா வந்தார். அங்கே காலை எட்டு மணி. ஐம்பது வயது இருக்கும். ஈரத் தலையோடு, கையில் காப்பியோடு உட்கார்ந்திருந்தார். நிறுத்தி நிறுத்தி ஆங்கிலம் பேசினார். எம்.டி. சார் கேமராவில் விழாமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டையை விரித்துக் காட்டினேன், பாராட்டுவார் என்று எதிர்பார்த்து.

அவர் பாராட்டவில்லை. திரைக்கு அருகில் வந்து விரலால் ஒவ்வொன்றாக எண்ணினார். இருபத்தொன்றில் விரல் நின்றது. "மற்ற நான்கு எங்கே?" என்று கேட்டார்.

"ஒரே மாதிரி இருந்ததால் எடுத்துவிட்டோம்" என்றேன்.

"இந்தக் கிளி எங்கள் மலையில் கிடையாது" என்றார். பிறகு போனை எடுத்து ஏதோ ஒலிப்பதிவை ஓடவிட்டார். ட்ர்ர்ர் என்று ஓவர்லாக் தையல் மெஷின் ஓடுவதுபோல ஒரு சத்தம். "இது இருபத்தொன்று. அடிவாரத்தில் இருப்பது." அடுத்ததும் ட்ர்ர்ர். "இது இருபத்திரண்டு. அதற்கு மேல்." இப்படி ஐந்து. எனக்கு ஐந்தும் ஒரே ட்ர்ர்ர்தான். ஆனால் அவை ஐந்து தனித்தனி இனங்களாம். ஒரே மலையில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக, ஆளுக்கொரு உயரத்தில் இருக்குமாம். ஒன்று மற்றொன்றின் எல்லைக்குள் போகாது. இனம் பிரிப்பது குரலை வைத்துத்தான். ஐந்துக்கும் இறகு ஒன்றே என்றால் எது எதுவென்று அதுகளுக்கே எப்படித் தெரியும் என்று நான் குழம்பிக்கொண்டிருக்கும்போதே அவர் அடுத்ததைச் சொன்னார்.

இருபத்துநான்காம் எண் பறவை யோலாந்தாவின் மலையில் மட்டும்தான் உண்டு. அது தனி இனம் என்று முன்பு யாருக்கும் தெரியாது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அங்கே கல்குவாரி போட ஆட்கள் வந்தார்கள். இந்தக் குருவி பக்கத்து மலையிலும் இருக்கிறது, ஒரே மாதிரிதான், அங்கே ஒன்று இருந்தால் போதும் என்றார்கள். குரல் வேறு என்று யோலாந்தா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பத்து வருஷம் ஒலிப்பதிவு செய்து செய்து அனுப்பி, போன வருஷம்தான் அதற்குத் தனிப் பெயர் கிடைத்தது. குவாரியும் நின்றது. இந்த வருஷத் திருவிழாவே அந்தப் பெயருக்காகத்தான்.

ஒன்று இருந்தால் போதும்தானே என்று நான் எழுதிய வரி அந்த மெயிலில் அப்படியே இருக்கிறது.

எம்.டி. சார் ஒரு காகிதத்தில் எழுதி என் பக்கம் தள்ளினார். 'ஒரே மாதிரின்னு அவங்களே மெயில்ல எழுதியிருக்காங்க. அதைச் சொல்லுங்க.' நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் யோலாந்தாவே சொல்லிவிட்டார். "பார்க்க ஒரே மாதிரி என்று எழுதியது நான்தான். ஏன் என்று விளக்காமல் மலை ஏறிவிட்டேன். தப்பு என்னுடையது. எண்ணூறையும் அனுப்பிவிடுங்கள், வாங்கிக்கொள்கிறேன்."

எம்.டி. சார் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். விரலைச் சுழற்றி, பேச்சை முடி என்று சைகை காட்டினார். எனக்கு ஆர்டர் பிழைத்தது, மேசை பிழைத்தது. நன்றி சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண் காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த விதம் எனக்குத் தாங்கவில்லை. நான் செய்ததற்கு அவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?

"இல்லைங்க" என்று தமிழிலேயே ஆரம்பித்துவிட்டேன். பிறகு ஆங்கிலத்துக்கு மாறினேன். "நீங்கள் சரி என்று எழுதியிருந்தீர்கள். நான்தான் நம்பவில்லை. உங்கள் பதிலுக்குக் காத்திருக்காமல் நானே எடுத்தேன். தப்பு எங்களுடையது. நாங்களே சரி செய்து தருகிறோம்."

வீடியோ கால் முடிந்ததும் எம்.டி. சார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். "உண்மை பேசறது நல்லதுதானுங்க. ஆனா அவிகளே ஒத்துக்கிட்டதுக்கு அப்புறம் எதுக்குங்க பேசோணும்? எனக்கு வெளங்கலை" என்றார். எனக்கும் விளங்கவில்லை என்றுதான் சொல்ல முடிந்தது. புதுத் துணி கிடையாது, இருக்கிற சட்டையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், திங்கட்கிழமையிலிருந்து இந்த பையரை சரவணக்குமார் பார்ப்பார் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை பிரிண்டிங் யூனிட்டில், சட்டையில் அச்சடிக்கிற கலீல் பாயோடு நின்றேன். அந்த நான்கு இடத்திலும் வெள்ளை அடித்து மறைத்து, காயவைத்து, மேலே சாம்பல் குருவியை அச்சடிக்க வேண்டும். கலீல் பாய் ஆர்ட்வொர்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க, நாலும் ஒண்ணுதானுங்களே? ஒரே ஸ்க்ரீன் போதுங்க."

"நாலும் வேற வேறங்க பாய்."

"வேறன்னா?"

"குரல் வேறங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஒரே ஸ்க்ரீனில் நான்கையும் அடித்தார். பெயர்களுக்கு மட்டும் தனி ஸ்க்ரீன். டூக்கானின் மூக்கு நுனி சில சட்டைகளில் வெள்ளையை மீறி மங்கலாகத் தெரிந்தது. அவற்றை ஒதுக்கி இன்னொரு தரம் அடிக்க வைத்தேன். எண்ணூறு சட்டையும் புதன்கிழமை விமானம் ஏறியது.

நான் பழையபடி பட்டனுக்கும் நூலுக்கும் போனேன். அழுகை வந்தது, அழுதேன். அதில் மறைக்க என்ன இருக்கிறது? பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தாலே போதும், மேசை என்னுடையது. பொங்கலூர் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, யோலாந்தா அன்றைக்கே அனுப்பிவைத்திருந்த அந்த ஐந்து சத்தத்தையும் திரும்பத் திரும்பக் கேட்டேன், வித்தியாசம் தெரிந்தாலாவது மனசு ஆறும் என்று. மூன்று வாரம் கேட்டும் ஐந்தும் ட்ர்ர்ர்தான்.

அதற்குள் சரவணக்குமார் யோலாந்தாவோடு மெயிலில் பேச ஆரம்பித்திருந்தான். ஆள் மாறியதை பையருக்குத் தெரியவிடக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். அதே மெயில் ஐடி, அடியில் 'நன்றியுடன், மெர்ச்சண்டைசிங் டீம்' என்ற அதே கையொப்பம். யார் பெயரும் இருக்காது. பையருக்கு என்றைக்கும் நாங்கள் எல்லாரும் ஒரே ஆள்தான்.

நேற்று மத்தியானம் அவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் இடத்துக்கு வந்தான். முகம் குழம்பியிருந்தது. "அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க. சரக்கு வந்துருச்சாங்க, திருவிழா முடிஞ்சுதாங்கன்னு ரெண்டே வரிதான் மெயில் போட்டேன். அவிக எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னே தெரியலைங்க்கா."

யோலாந்தாவின் பதிலும் இரண்டே வரிதான். "இது அந்தப் பெண் எழுதியது இல்லை. அவள் எங்கே?"

இரண்டு மூன்று தடவை படித்தேன். சரவணக்குமார் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான். "நீங்களே எழுதிருங்க்கா" என்றான்.

என்ன எழுதுவதென்று தெரியவில்லை. இங்கேதான் இருக்கிறேன் என்று எழுதினேன்.