எழாத அழைப்பு

நெடுநாள் பெய்த மழை அன்று பிற்பகலில்தான் ஒருவாறு ஓய்ந்தது. ஊரின் புறத்தே, சேறு காயாத வெட்டவெளியில், ஒட்டுகள் பல போட்ட வித்தைக் கூடாரம் ஈரம் சொட்டி நிமிர்ந்து நிற்க, நனைந்த வைக்கோலின் மணமும் குதிரைகளின் கனைப்பும் கலந்து வர, மேலைவானின் செவ்வொளி கிழிசல்கள் வழியே உள்ளே நுழைந்து, மரத்தூள் பரப்பிய வட்ட அரங்கில் புள்ளி புள்ளியாய்ச் சிதறிக் கிடந்தது. ஊரே திரண்டு வந்துகொண்டிருந்தது. மழைக்காலம் முழுதும் அரைவயிற்றுக் கஞ்சியோடு கிடந்த குழுவினருக்கு அந்த ஆரவாரம் எத்துணை இனித்திருக்கும்! ஒருவனுக்கு மட்டும் அது இனிக்கவில்லை.

அவன், அந்தரத்து ஊஞ்சலில் தலைகீழாய்த் தொங்கி, எதிர் ஊஞ்சலிலிருந்து பறந்து வரும் தன் மனைவியைக் கைப்பற்றும் பிடிகாரன். அவளைக் குழுவினர் குருவி என்பர். அவர்தம் தொழிலுக்கு ஒரு நெறி உண்டு, படிப்போரே: பறப்பவள் தானாகக் கணித்துப் பறப்பதில்லை. பிடிப்பவன் "வா" என்றழைத்தால் ஊஞ்சலைக் கைவிடுவாள். அழையாவிடில் ஊஞ்சலோடு திரும்பிவிடுவாள். கீழே விரிக்கும் வலையோ மழையில் நைந்து மக்கிப் போயிற்று, புதுவலை வந்தபாடில்லை; அன்று வலையின்றியே பறக்க வேண்டும்.

முன்பொரு நாள் சூறைக்காற்றில் நடுக்கம்பம் சாய்ந்தபோது, அதனடியில் அமர்ந்து கிழிசல் தைத்துக்கொண்டிருந்த மனைவியைக் காக்க, கம்பத்தின் வடத்தை ஒற்றையாளாய் இழுத்துப் பிடித்தவன் அவன். அன்று இடத்தோளில் ஏதோ அறுந்தது. அதன்பின் அந்தக் கையால் நீர்க்குவளையைத் தூக்கினாலும் விரல்கள் தாமே விரிந்தன. எவரிடமும் அவன் சொல்லவில்லை. சொன்னால் பறக்கும் ஆட்டம் நின்றுவிடும். அது நின்றால் ஊரார் வரமாட்டார். அவர் வராவிடில் குதிரைக்கும் கோமாளிக்கும் ஒருங்கே பட்டினி. பிடிக்கமாட்டாத பிடிகாரனைத் தன் மனைவி எப்படி மதிப்பாள் என்ற அச்சமும் இருந்தது. பாழாய்ப்போன இந்த வீம்பு எத்தனை குடியைக் கெடுத்திருக்கிறது!

ஏணியடியில் நின்று, அவன் உள்ளங்கைகளில் அவளே சுண்ணப்பொடியைத் தேய்த்துவிட்டாள்.

"என்னங்க, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. கூட்டத்தைப் பாத்து ரொம்ப நாளாச்சில்ல, அதான்."

"நல்லாத்தான் புளுகுறீங்க," என்று சிரித்துவிட்டு அவள் ஏறினாள். அவனும் எதிர் ஏணியில் ஏறித் தன் ஊஞ்சலில் தலைகீழாய்த் தொங்கினான்.

முழவு அதிர்ந்து அடங்கியது. வீச்சுக்கு வீச்சு இருவரும் நெருங்கினர். பழகிய சொல் தொண்டைவரை வந்தது. இடக்கை விரல்கள் மரத்துத் தொங்கின. வாய் திறந்தான், மூடிக்கொண்டான். அவள் ஊஞ்சலோடு திரும்பினாள். மறுவீச்சிலும் அழைப்பு எழவில்லை. ஊரார் கூச்சலிட்டனர்; சேற்றை வாரி எறிந்தனர். அவன் கயிறு பற்றி இறங்கி, அரங்கின் நடுவே நின்ற முதலாளியிடம், அத்தனை பேரும் கேட்க, "என் கை போச்சு முதலாளி. இனி என்னால அவளைப் பிடிக்க முடியாது," என்று சொல்லிவிட்டான்.

பின்னர் வண்டியின் மறைவில் தலைகவிழ்ந்திருந்தவன் அருகே அவள் வந்தமர்ந்தாள்.

"உனக்குத் தெரியாம மறைச்சிட்டேன்."

"கிழிச்சீங்க! நீங்க தண்ணி குடிக்கிறப்பவே எனக்குத் தெரியும். அன்னைக்கு அந்த வடத்தை யாருக்காகப் பிடிச்சீங்கன்னும் தெரியும்."

"அப்புறம் ஏன் மேல ஏறின?"

"நீங்களே சொல்லட்டும்னுதான். நான் சொன்னா உங்க மானம் போயிடும்ல?"

"நான் கூப்பிட்டிருந்தா என்னடி பண்ணியிருப்ப?"

தளர்ந்த அந்தக் கையை எடுத்து அவள் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "வேறென்ன? வந்திருப்பேன்."

அதைக் கேட்டு அவன் வாய்விட்டு அழுதான்.

புதுவலை வந்தது. அதே குழுவில் கயிற்றின்மேல் நடக்கும் வித்தை காட்டிவந்த அவள் தம்பி பிடிகாரன் ஆனான். ஆனால் அவன் அழைப்புக்கு அவள் அசையவே இல்லை. "மாமா, நீங்களே கீழ நின்னு கூப்பிடுங்க. நான் தொண்டை கிழியக் கத்துறேன், இவ சுவத்துப் பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டே நிக்கிறா," என்று அவன் அலுத்துக்கொண்டான்.

அன்றுதொட்டு, அரங்கின் ஓரத்தில் வலைக்கயிற்றைப் பற்றி நின்றவாறு கணவன் "வா" என்பான். அவள் தம்பியின் கைகளுக்குப் பறந்து செல்வாள். பற்றும் கைகள் மூத்துத் தளரும், மாறவும் மாறும். அழைக்கக்கூடாத பொழுதில் வாய்மூடியிருந்த அவனுடைய குரல் ஒன்றையே அவள் வாழ்நாளெல்லாம் நம்பினாள்.