தொலைந்துபோன தம்பிக்கு ஒரு பொன்னாடை

மனிதகுல வரலாறு வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ரெய்னர்ஸ் லேன் மண்டபத்தில் திருத்தி எழுதப்படவிருக்கிறது என்பதை உலகத் தமிழர் அனைவருக்கும் பெருமகிழ்ச்சியுடன் அறியத் தருகிறோம். சிற்றுண்டி உண்டு. கார் நிறுத்த இடம் குறைவு.

இந்த அறிவித்தலை எழுதியவர் மணியம். புலம்பெயர் தமிழ்ச் சங்கத் தலைவர் மணியம் என்று சொல்லவேண்டும். வெறும் மணியம் என்றால் திரும்பிப் பார்க்கமாட்டார். அந்தத் தலைமைக்குத்தான் இப்போது ஆபத்து. விழா முடிந்த கையோடு தேர்தல். செயலாளர் லோகன் போட்டியிடப்போவதாகப் பேச்சு. பதவி போனால் மணியம் ஹரோவில் ஓய்வுபெற்ற இன்னொரு கணக்காளர், அவ்வளவுதான். அதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வழிகாட்டியவர் முருகன். ஆர்ச்வே முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு இறக்கத்தில் வந்துகொண்டிருந்த மணியம், ஒரு பப்பின் கண்ணாடியில் ஒட்டியிருந்த போஸ்டரைக் கண்டு அப்படியே நின்றார். அவருடைய பெரியப்பாவுக்கு மாட்டுக்காரத் தொப்பி போட்டுவிட்டது போல ஒரு முகம். கீழே, ‘வெஸ்லி பார்கர், அவுஸ்திரேலியப் பூர்வகுடி கன்ட்ரி இசைப் பாடகர்’ என்றிருந்தது. மணியம் ‘பூர்வகுடி’யோடு வாசிப்பை நிறுத்திக்கொண்டார். கடல்கொண்ட தமிழ்நிலம் பற்றி வாட்ஸ்அப்பில் அவர் பெற்ற ஞானம் முழுவதும் பொங்கி எழுந்தது. கடலோடு பிரிந்துபோன தம்பி கிடைத்துவிட்டான்.

கொஞ்சம் விசாரித்திருந்தால் வேறு சில விஷயங்களும் தெரிந்திருக்கும். வெஸ்லியின் தகப்பன் மாட்டுப் பண்ணையில் வேலை செய்தவர். வெஸ்லி பாட ஆரம்பித்த ஊர்களில், மேடையில் ஏறிப் பாட விடுவார்கள். இறங்கி வந்து ஒரு கிளாஸ் பியர் கேட்டால் கொடுக்கமாட்டார்கள். அரசாங்கம் பெற்றோரிடமிருந்து பறித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போன தன் அக்காவைப் பற்றி அவர் எழுதிய பாட்டை வானொலிக்காரர்கள் சோகம் அதிகம் என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு அதே பாட்டுக்கு விருது கொடுத்தார்கள். மணியம் விசாரிக்கவில்லை. ஆராய்ச்சியாளர்களுக்கு அதற்கெல்லாம் நேரம் கிடையாது.

“ரெண்டு பாட்டுப் பாடலாமா?” என்று மட்டும்தான், விழாவுக்கு அழைத்தபோது வெஸ்லி கேட்டிருந்தார். தாராளமாக, என்றார் மணியம்.

ஆனால் நம் விழாக்களில் பிரதம விருந்தினர் எதையும் செய்வதில்லை. விளக்கில் ஒரு திரியைக் கொளுத்திவிட்டு உட்கார்ந்திருப்பார், பொன்னாடை போர்த்துவார்கள். ஆடுவதும் பாடுவதும் பிள்ளைகளின் வேலை. ஆகவே வெஸ்லி வாசலுக்கு வந்ததுமே அவர் கையிலிருந்த கிட்டாரைப் பணிவோடு வாங்கி, சமையலறையில் வடைத் தட்டுகளுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்கள். பிறகு பேச்சுகள் தொடங்கின.

“அண்ணை, மனுசன் கதவைக் கதவைப் பாக்கிறார். ஒரு பாட்டைப் பாட விடுங்கோவன்,” என்று லோகன் காதோடு சொன்னார்.

“பாட்டு எங்கையும் கேக்கலாம். வரலாறு வேற எங்க கிடைக்கும்?”

“வரலாறோ, வாக்கோ?”

“ரெண்டும் ஒண்டுதான். நீ போய் பிளாஸ்கில தேத்தண்ணி இருக்கோ பார்.”

தலைவர் உரையில் கடல்கோள் வந்தது, தமிழர் எறிந்த வளரி வந்தது, அதன் தம்பியாகப் பூமராங் வந்தது. வெஸ்லியின் இசை வாழ்க்கையும் வந்தது. “இவர் பாடவும் செய்வார்” என்றார் மணியம். பிறகு பொன்னாடையைப் போர்த்தி, கமராவைப் பார்த்துச் சிரித்து, மைக்கை நீட்டி ஆங்கிலத்தில் கேட்டார்: “பல்லாயிரம் ஆண்டு கழித்துச் சொந்தக் குடும்பத்தோடு சேர்ந்திருக்கிறீர்கள். எப்படி உணர்கிறீர்கள்?”

வெஸ்லி தொப்பியைச் சரிசெய்தார். பேச்சு நிதானமாக வந்தது. “எங்கள் ஆட்கள் எங்கேயும் போகவில்லையே. ஆற்றங்கரையில் அப்படியேதான் இருந்தார்கள். முன்னொரு தடவையும் சிலர் கப்பலில் வந்து எங்களைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு எங்களுக்கு நல்லது எதுவும் நடக்கவில்லை. நான் பாட வந்தேன், நண்பரே. கிட்டாரைத் தருகிறீர்களா?”

மணியத்தின் கை தன்பாட்டில் மைக்கை இழுத்துக்கொண்டது.

“நாங்கள் எல்லாரும் ஒரு தாய் வயித்துப் பிள்ளையள் எண்டு தம்பி சொல்லுறார்,” என்றார்.

மண்டபத்தில் இருந்தவர்கள் டாக்டர்கள், என்ஜினியர்கள், வங்கிக்காரர்கள். வெஸ்லி சொன்னதில் ஒரு சொல்கூட அவர்களுக்கு விளங்காமல் போகவில்லை. அவர்கள் கைதட்டியது மொழிபெயர்ப்புக்கு. முன்வரிசையில் பொருளாளர் அஜந்தா கண்ணைத் துடைத்தார். பின்வரிசையில், அம்மாவின் கட்டாயத்தில் வந்திருந்த அபிஷன் மட்டும், “அவர் அப்பிடிச் சொல்லேல்லையே” என்றான். “வாயை மூடு, பெரியாக்கள் இருக்கினம்” என்றார் தாய்.

வெஸ்லி சமையலறைக்குப் போய் கிட்டாரில் தெறித்திருந்த சம்பலைத் துடைத்தார். பொன்னாடையை மடித்து வடைத் தட்டின் மேல் வைத்தார். ஆர்ச்வே பப்பில் அன்றிரவுக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கியவர்கள் காத்திருந்தார்கள். அவர் ரயில் பிடிக்கப் போய்விட்டார். அவர் போனதை யாரும் கவனிக்கவில்லை, நன்றியுரை நடந்துகொண்டிருந்தது.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று லோகனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. தலைவர் பதவிக்கு மணியத்தின் பெயரை அவரே முன்மொழிந்தார். “இப்பிடி ஒரு தலைவர் எங்களுக்கு இனிக் கிடைக்க ஏலாது.” கைகள் எல்லாம் உயர்ந்தன. உலகத் தமிழ் உறவுகளை ஒன்றிணைத்தவர் என்ற பட்டமும் கொடுத்தார்கள். மணியம் கைகூப்பி ஏற்றுக்கொண்டார்.

வெஸ்லி பார்கரின் பாட்டு ஒன்றைக்கூட அவர் இன்றுவரை கேட்டதில்லை.