ஏறியதைப் பார்த்தவர் இல்லை

பைப் லாரி திருச்செங்கோட்டு ஷெட்டுக்குள் வந்து நின்றதும் சுவாமிநாதன் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தான். இரும்புக் குழாய்கள், அண்டா, சுருட்டிய பாய்கள். மகளைக் காணோம்.

"பாப்பா எங்க?"

டிரைவர் மாதையன் துண்டால் முகத்தைத் துடைத்தான். "பொம்பளைங்க கூட எறங்கீருக்குமுங்க. பூவாத்தாக்கா சேலத்துல எறங்குச்சு, அத்தாயி சங்ககிரில. இருட்டுங்க. நான் பின்னால பாக்கல."

வசந்தாமணிக்கு மூன்று வயது. அவள் தாய் சௌந்திரம் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபின், போர்வெல் கம்பெனியில் மேனேஜர் வேலை வாங்கிக்கொண்டு பிள்ளையோடு மத்தியப் பிரதேசம் போனவன் அவன். மாமியார் வீட்டில் பிள்ளையைக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. ஏன் என்று அவனுக்கே தெரியாது.

பாஷை தெரியாத சீமையில் பத்து மாதம் கூடார வாழ்க்கை. துளை போடும் ரிக் வண்டியோடு வந்த குடும்பங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகிவிட்டன. மணி எந்தக் கூடாரத்தில் சாப்பிட்டாளோ அங்கேயே தூங்குவாள். யாரும் சொல்வதில்லை, அவன் கேட்டதும் இல்லை. மழை பிடித்து, கரிசலில் வண்டிகள் புதையத் தொடங்கவும் எல்லோரும் ஊர் திரும்பினார்கள். அவன் ரிக் லாரியில் முன்னால் வந்துவிட்டான்; பெண்களும் பிள்ளையும் பின்னால் பைப் லாரியில்.

நாமகிரிப்பேட்டைக்கு பஸ் ஏறினான். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து பூவாத்தாள் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க தம்பி. அதுக்குள்ள எங்க ஞாபகம் வந்துருச்சாட்ட இருக்குது."

"மணி இங்க இல்லீங்களாக்கா?"

அவள் கை நின்றது. "அத்தாயிகிட்ட இருக்குமுங்க. அவ போத்திப் படுத்திருந்தா. மடியில கெடக்கும்னு நெனச்சேன்."

"பாத்தீங்களா?"

ஒட்டடைக் கோலைச் சுவரில் சாய்த்தாள். "தொப்பூர் டீக்கடைல எறங்குச்சு தம்பி. அது எனக்குத் தெரியும். ஏறுனத நான் பாக்கல."

வீட்டைத் திரும்பப் பூட்டிவிட்டு அவளும் கிளம்பினாள். சேலம் பஸ் நிலையத்தில் அவன் கால் எந்தப் பக்கமும் நகரவில்லை. வடக்கே தொப்பூர், மேற்கே அத்தாயியின் ஊர் குமாரபாளையம். பூவாத்தாள்தான் வழியைப் பிரித்துக் கொடுத்தாள்.

"அத்தாயி ஊட்டுக்கு நான் போறேன். நீங்க தொப்பூர் போங்க. முன்ன வாரவங்க இங்கயே நிக்கோணும்."

தொப்பூர் கணவாயில் லாரிகள் முனகிக்கொண்டு ஏறின. டீக்கடைக்காரர் நல்ல மனிதர். வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்.

"என்ன கலர் சட்டைங்க?"

சுவாமிநாதனுக்குத் தெரியவில்லை.

"முடி? பின்னியிருந்துச்சா, வெட்டியிருந்துச்சா?"

அதுவும் தெரியவில்லை. அவளைக் குளிப்பாட்டி, தலைவாரி, உடுத்திவிட்டவர்கள் அந்தப் பெண்கள். அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "பெத்தவர்தானுங்களே?"

கடைக்குப் பின்னால் பள்ளம் சரிந்து இறங்கியது. முள்ளில் ஒரு சிவப்புத் துணி மாட்டியிருந்தது. கை கிழிய இறங்கி எடுத்தான். சின்னக் குழந்தையின் சட்டைக் கை. அது அவளுடையதா என்று சொல்ல அவனால் முடியவில்லை. "அது ரொம்ப நாளாக் கெடக்குதுங்க" என்று மேலேயிருந்து குரல் வந்தது. அவன் நம்பவில்லை. பள்ளத்தின் அடிவரை போய் ஒவ்வொரு புதராக விலக்கினான். ஒவ்வொரு புதரை விலக்கும் முன்னும் கண்ணை மூடிக்கொண்டான்.

சேலம் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. பூவாத்தாள் இன்னும் வந்திருக்கவில்லை. ஈரோட்டுப் பக்கமிருந்து வந்த பஸ்களில் இறங்கியவர்களின் முகத்தை அவன் பார்க்கவில்லை. இடுப்பை மட்டும் பார்த்தான்.

கடைசியில் இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டே இறங்கினார்கள். அத்தாயியின் தோளில் மணி தூங்கினாள்.

"ஒரு வார்த்தை சொல்லீட்டு எறங்கறதுக்கென்ன உனக்கு?" என்றாள் பூவாத்தாள்.

"எப்பவும் எங்கூட்ல தூங்கற புள்ள தானுங்க அக்கா. ரெண்டு நாள்ல கொண்டாந்து உடலாம்னு இருந்தேன்." அத்தாயி அவன் பக்கம் திரும்பினாள். "நீங்க என்னைக்குங்க புள்ளய எங்கன்னு கேட்டிருக்கீங்க?"

அவன் பிள்ளையைப் பிடுங்குவதுபோல் வாங்கினான். மணி விழித்தாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வீறிட்டாள். பின்னால் வளைந்து, அத்தாயியின் பக்கம் கைநீட்டித் துடித்தாள். அவன் விடாமல், தன் ஊருக்குப் போகும் பரமத்தி பஸ்ஸில் ஏறினான்.

பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் படிக்கட்டை மறித்துக்கொண்டு நின்றார்.

"யாரு புள்ளைங்க இது?"

"எம்புள்ள."

"அது அப்படிச் சொல்லலீங்களே."

பிள்ளை பிடிக்கிறவன் என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஒருவர் எழுந்து நின்றார். அடையாளம் சொல்லென்றால் இப்போதும் அவனிடம் ஒன்றுமில்லை.

"நவுருங்க சாமி" என்று கண்டக்டரை ஒதுக்கிக்கொண்டு பூவாத்தாள் ஏறினாள். பின்னாலேயே அத்தாயியும். "அவர் புள்ளதான். பரமத்திக்கு மூணு டிக்கெட் குடுங்க. தம்பி ஊடு எங்க இருக்குதுன்னு எங்களுக்கும் தெரிஞ்சிருக்கோணும்."

பெண்கள் பின்சீட்டில் உட்கார்ந்தார்கள். மணி அத்தாயியின் மடிக்குத் தாவி அடங்கினாள். அவனுக்கு ஆண்கள் பக்கம் முன்னால்தான் இடம் கிடைத்தது.

மல்லூர் தாண்டியது. அவன் திரும்பிப் பார்த்தான். இருந்தாள். ராசிபுரம் பிரிவில் ஆட்கள் இறங்கியபோது எழுந்து நின்று பார்த்தான். இருந்தாள். உட்கார்ந்தவன் மறுபடியும் எழுந்தான்.