பச்சைப் பொய்

என் அக்காவின் கணவர் குடும்பப் படம் எடுக்கிறவர். அவர் படங்களில் படிக்கட்டு கோபித்துக்கொள்ளும், தலையணை பாடும், வீடே எழுந்து விடுமுறைக்குக் கிளம்பிப் போகும். கடைசியில் அப்பா திருந்தி, பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவார். அத்தான் தன் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், விரல் மிச்சமிருக்கும். உபதேசமெல்லாம் ஊருக்குத்தான்.

அந்தப் படங்களில் சிறந்த ஐந்தைத் தேர்ந்தெடுத்து ஒரு திரைப்படச் சங்கம் விழா வைத்தது. முதலிடம், சட்டை நிறம் மாறும் படத்துக்கு. என் பிழைப்பில் மண் விழுந்ததும் அந்தச் சட்டையால்தான்.

பதினேழு வருடத்துக்கு முன் அந்தப் படத்தில் நான் கன்டினியூட்டி பார்த்தேன். ஒரே காட்சியை மூன்று நாள் எடுத்தாலும் ஐந்து நிமிடத்தில் நடந்ததுபோல் தெரிய வேண்டும். எந்தப் பொத்தான் போட்டிருந்தது, டம்ளரில் எவ்வளவு பால் இருந்தது என்று நோட்டில் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் காட்சியில் அப்பா, பள்ளி ஆண்டு விழாவுக்கு நிச்சயம் வருவேன் என்று மகளிடம் சொல்வார், வரமாட்டார். முதல் நாள் அவருக்குக் காப்பிக் கலர் சட்டை. மறுநாள் அதில் பொத்தான் தெறித்துவிட, அத்தானே போய் மாற்றுச் சட்டையை எடுத்துவந்தார். எடுத்துவந்தது பச்சை. சொன்னேன். இதுதான் அந்தக் காப்பிக் கலர் என்றார். திரும்பவும் சொன்னேன். இங்கே இயக்குநர் நீயா, நானா என்று கேட்டார். உடைக்காரர் உட்பட எல்லாரும் தலையாட்டினார்கள்.

எடுத்ததைப் போட்டுப் பார்த்தபோது அப்பா வாக்குறுதியின் நடுவில் பச்சையாகி நின்றார். படப்பிடிப்பு அரங்கை அதற்குள் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்கவும் வழியில்லை. யூனிட் முழுக்க நிற்க, அத்தான் என்னைப் பார்த்து, "உனக்குக் கண்ணு பிடரியிலயா இருக்கு?" என்றார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அதற்குப் பிறகு யாரும் என்னை வேலைக்குக் கூப்பிடவில்லை.

படம் வெளிவந்தது. அப்பா பொய் சொல்வதால்தான் சட்டை பச்சையானது என்று தியேட்டரில் குழந்தைகள் தாங்களே முடிவுகட்டி, "பச்சைப் பொய்! பச்சைப் பொய்!" என்று கத்தினார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. விமர்சகர்கள் மேதை என்றார்கள். காக்கையும் ஆமாம் என்றது.

பதினேழு வருடமாக எல்லா மேடையிலும் அவருக்கு ஒரே நகைச்சுவைதான்: கண் தெரியாத ஒரு பெண் செய்த தவறு, அதைத் தான் மாயாஜாலமாக்கிய திறமை. இந்த விழாவுக்கு, நான் இப்போது பிழை திருத்தும் அச்சகத்திலிருந்து எல்லாரும் வருவதாக இருந்தார்கள். அவர்கள் முன்னால் அதை மட்டும் சொல்லாதீர்கள் என்று கேட்கப் போனேன். அது இல்லாமல் பேச்சு எடுபடாது என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

பழைய நோட்டை அக்காவிடம் நீட்டினேன். சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். 'காப்பிக் கலர் கேட்டேன். இயக்குநர் பச்சை கொடுத்தார். இரண்டு முறை சொன்னேன்.' அவள் அதைப் படித்தாள்.

"அவருக்குப் பச்சையும் காப்பிக் கலரும் ஒண்ணுதான்டி," என்றாள். "கல்யாணமான மறுமாசமே எனக்குத் தெரியும்."

பதினேழு வருடம் வாயைத் திறக்கவில்லையே என்று கத்தினேன். கலர் தெரியாதவருக்கு யார் படம் கொடுப்பார்கள், அப்போது இரண்டும் கைக்குழந்தைகள் என்றாள். என் பிழைப்பு உனக்குக் கிள்ளுக்கீரையா என்று கேட்டேன். அவள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்க மறந்து, அத்தானின் சட்டை ஒன்றைப் பொசுக்கிவிட்டாள். நான் நோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

விழாவன்று படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். அத்தான் மேடையேறினார். அவர் எப்போதும் அக்கா எடுத்துவைப்பதைத்தான் உடுத்துவார். அன்று எடுத்துவைத்திருந்தது நல்ல இலைப் பச்சை. வேண்டுமென்றே போட்டுவந்திருக்கிறார் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"எங்க யூனிட்ல கண்ணு தெரியாத ஒரு பொண்ணு இருந்தா," என்று ஆரம்பித்தார்.

"பச்சைப் பொய்!" என்றது முன்வரிசையில் ஒரு குழந்தை.

அடுத்த வாக்கியத்துக்குப் பத்துக் குழந்தைகள். தவறு அவளுடையது என்றபோது அரங்கமே சேர்ந்துகொண்டது. என் அச்சக முதலாளி எழுந்து நின்றே கத்தினார். அத்தான் கொஞ்சநேரம் சிரித்தார். பிறகு கைக்குட்டை எடுத்தார். பேச்சைப் பாதியில் முடித்து இறங்கி, நேரே அக்காவிடம் வந்தார். அவள் கைப்பைக்குள் எதையோ தேடினாள். அவர் என் பக்கம் குனிந்தார். பதினேழு வருடத்தில் முதல்முறையாக என்னிடம் ஒன்று கேட்டார்.

"நான் போட்டிருக்கறது என்ன கலரும்மா?"

"அன்னைக்கு நீங்க என்ன கலர்னு சொன்னீங்களோ, அதேதான் அத்தான்."