அக்காவின் தீவு, தம்பியின் தீவு

தம்பிக்கு லிப்ட் பழுது பார்க்கும் வேலை. ஒரு நாடு எப்படிப்பட்டது என்பதை அதன் லிப்ட்டை வைத்தே சொல்லிவிடலாம் என்பது அவன் கட்சி. அக்கா வாழும் தீவுக்கு ஒரு வாரம் வந்தவன், கடலைப் பார்த்ததைவிட லிப்ட் கதவுகளில் காதை வைத்துக் கேட்டதுதான் அதிகம்.

சும்மா வரவில்லை. தன் தீவிலேயே காலம் தள்ளுவதா, குடும்பத்தோடு இங்கே குடிவருவதா என்று முடிவு செய்ய வந்திருந்தான். இங்கே ஒரு கம்பெனி வேலை தருவதாகச் சொல்லி, அவன் பதிலுக்குக் காத்திருந்தது. ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, கண்ணால் பார்த்து வரும்படி சொல்லித்தான் மனைவி அனுப்பியிருந்தாள்.

அவனும் ஒன்றையும் விடவில்லை. குழாயைத் திறந்து தண்ணீர் வரும் வேகத்தைப் பார்த்தான். வயதானவர்கள் உட்காரும்வரை பஸ் டிரைவர் பொறுக்கிறாரா என்று பார்த்தான். ஆஸ்பத்திரியில் நோயாளி மாதிரி வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு, முறை வந்ததும் நழுவி ஓடிவந்தான். எல்லாவற்றிலும் இந்தத் தீவு ஒரு படி மேலேதான் நின்றது. ஆனால் அவனைக் கவிழ்த்தது அதெல்லாம் இல்லை, அக்கா வீட்டு வாழ்க்கைதான். காலையில் நிதானமாகக் காபி. சாப்பிட்ட பிறகு சீட்டாட்டம், அதில் அத்தானின் பட்டப்பகல் திருட்டு. சாயங்காலம் மூவருமாக நடை. தன் வீட்டில் இப்படி உட்கார்ந்து பேசி எத்தனை காலமாயிற்று என்று நினைத்தபோது வயிறெரிந்தது. இங்கேதான் வரப்போகிறோம் என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டான்.

கிளம்ப வேண்டிய நாளில் கடல் கொந்தளித்து, கப்பல் ஒரு நாள் தள்ளிப்போனது.

அன்று காலை அவன் எழுந்தபோது அக்கா இல்லை. மேஜைமேல் காபி ஆறிக் கிடந்தது. மத்தியானம் அத்தானும் சீருடை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். லிப்ட் சத்தம் கேட்கிற சாக்கில் தம்பியும் கூடவே இறங்கினான். கீழே கதவு திறந்தபோது எதிரே அக்கா, துணிக்கடையில் நின்று நின்று வீங்கிய கால்களோடு.

அத்தான் ஒரு காலால் கதவை மறித்துக்கொண்டார். சாவியைக் கொடுத்தார். சோறு வடித்தாயிற்று, சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, முதுகுவலிக்கு மாத்திரை போட்டாயா என்று மளமளவென்று கொட்டினார். கதவை அதிக நேரம் மறித்தால் மணி அலறும். அது அலறுவதற்கு ஒரு நொடி முன்னால் காலை எடுத்துவிட்டு ஓடினார். எத்தனை நாள் பழகியிருந்தால் அந்தக் கால் அப்படி விலகும் என்று தம்பிக்குத் தெரியும்.

"தினமும் இப்படித்தானாக்கா?"

"நீ வந்தியேன்னு ரெண்டு பேரும் லீவு போட்டோம். நேத்தோட முடிஞ்சுது."

வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றும்போது அக்கா தன் பங்குக்கு ஒன்று சொன்னாள்.

"நாங்க உங்க ஊருக்கே வந்துடலாம்னு இருக்கோம்டா. போன வருஷம் வந்தப்போ பாத்தேனே. தரையில உக்காந்து அரட்டை அடிச்சிக்கிட்டு எவ்வளவு நிம்மதியா இருந்தீங்க."

தம்பிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா வந்திருந்த அந்த வாரத்து லீவுக்காக அவனும் மனைவியும் மேலதிகாரிகளிடம் கெஞ்சிக் கூத்தாடியது அவனுக்கல்லவா தெரியும்.

"அப்ப நாங்களும் லீவுலதான் இருந்தோம்க்கா."

அக்கா அவனையே பார்த்தாள். பிறகு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவள் உடுப்புக்கூட மாற்றாமல் நாற்காலியிலேயே தூங்கிப்போனாள்.

அவன் பால்கனிக்குப் போய் மனைவிக்குப் போன் செய்தான். தண்ணீர், பஸ், ஆஸ்பத்திரி எல்லாம் நன்றாக இருப்பதை ஒளிக்காமல் சொன்னான். அப்படியானால் போய்விடலாமா என்று அவள் கேட்டாள்.

"வேணாம். இங்க குடிவந்துட்டா அக்கா நமக்காக லீவு போடமாட்டா."



"நாமளும்தான் போடமாட்டோம்" என்றாள் மனைவி.