பதினேழாவது வரி

அலான்ஸோ ப்ரூயிட்டை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தெரியக் கூடாது என்றுதான் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்திருந்தான். ஆனால் கார்ல்டனின் இசைத்தட்டுக் கடைக்குள் நுழைந்து கால் மணி நேரமாகியும் ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்காதபோது அவனுக்கு வந்த கோபம் இருக்கிறதே! தொப்பியே தண்டம். ஓக்லண்டில் ஒரு காலத்தில் 'சிலபஸ்' என்ற பெயரில் ராப் பாடிய ஆள், நாற்பது கிலோ கூடி, முன்மண்டை வழுக்கை விழுந்து, சான் லியாண்ட்ரோவில் மெத்தை விற்றுக்கொண்டிருக்கிறான். இதைவிட நல்ல மாறுவேஷம் யாருக்கு வாய்க்கும்?

வந்தது தன் பாட்டைக் காப்பாற்ற. பாட்டு என்றால் முழுப் பாட்டு இல்லை, பதினாறு வரி. அதற்கு மேல் அவன் வாழ்க்கையில் எதுவும் பதிவானதில்லை.

'ஃப்ரீ பார்க்கிங்' என்பது வெர்னெட் டாலிவர் நடத்திய சின்ன கம்பெனி. கடைக்காரர்கள் அவள் கேசட்டை வாங்க மாட்டேன் என்றதும், காசு கேட்காத பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தி, டிக்கியைத் திறந்துவைத்து விற்றாள். அதையே பெயராகவும் வைத்துவிட்டாள். பெரிய கம்பெனிக்காரன் செக்கோடு வந்தபோது, பாட்டெல்லாம் பாடினவனுக்கே சொந்தம், உனக்கு என்னத்தை விற்பது என்று திருப்பி அனுப்பினாள். அது வீரமா வீம்பா என்று ஊர் இன்னும் சண்டை போடுகிறது. அவள் போட்ட ஆல்பங்களில் ஒன்றே ஒன்று நின்றது. அதில் ஆறு பேர் ஆளுக்குப் பதினாறு வரி பாடிய பாட்டு ஒன்று நின்றது. ஐந்தாவது ஆள் அலான்ஸோ, ஆறாவது அவன் சிநேகிதன் டோபியாஸ் ரெய்னி.

டோபியாஸ் செத்துப்போய்ப் பல வருஷமாகிறது. ஃப்ரூட்வேல் பகுதியில் ஒரு சுவர் முழுக்க அவன் முகத்தை வரைந்துவைத்திருக்கிறார்கள். அலான்ஸோவின் முகத்தை யாரும் கழிவறைச் சுவரில்கூட வரைந்ததில்லை.

இப்போது இருபத்தைந்தாம் வருஷம் என்று வெர்னெட் அந்த ஆல்பத்தை மறுபடி இசைத்தட்டாகப் போடுகிறாள். தட்டு வெட்டுகிற ஆள் சொல்லிவிட்டானாம், இரண்டாம் பக்கம் நீளம் அதிகம், கோடுகளை நெருக்கி வெட்டினால் சத்தம் அமுங்கிவிடும், அடிநாதமான பேஸ் செத்துப்போகும், கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள் என்று. ஓக்லண்டில் பேஸ் இல்லாத பாட்டை யார் மதிப்பார்கள்? அதனால் வெர்னெட் சனிக்கிழமை மதியம் ரசிகர்களைக் கூப்பிட்டிருந்தாள். ஃப்ரீ பார்க்கிங் விட்டுச்சென்றது என்ன என்று பேசலாம், எதை வெட்டுவது என்று நீங்களே சொல்லுங்கள் என்று. எதை வெட்டுவது என்பதை நையா என்ற பெண் தன் பாட்காஸ்டில் முன்பே சொல்லிவிட்டாள். அலான்ஸோ அதைக் கடையில் காட்சிக்கு வைத்திருந்த மெத்தையில் படுத்துக்கொண்டு கேட்டான். கேட்ட பிறகு எழுந்திருக்கவே தோன்றவில்லை.

கூட்டத்தில் முதலில் பெரிய பேச்சாகப் போனது. ஃப்ரீ பார்க்கிங் இல்லையென்றால் விரிகுடாவின் இந்தக் கிழக்குக் கரையில் பாதிப் பேர் மைக்கையே தொட்டிருக்க மாட்டார்கள் என்றார் ஒருவர். அதெல்லாம் சும்மா, ஃப்ரீ பார்க்கிங் என்றால் டோபியாஸ், மிச்சமெல்லாம் அவனோடு வந்த மூட்டை முடிச்சு என்றார் இன்னொருவர். மூட்டை முடிச்சுகளில் ஒன்று பின்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து ஆள் கொடுத்த சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பலகாரத்தை மென்றுகொண்டிருந்தது.

அப்புறம் நையா எழுந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"எனக்கும் இந்த ஆல்பம்னா உயிர். அதனாலதான் சொல்றேன். நல்லது கெட்டது எல்லாத்தையும் தங்கம் தங்கம்னு சொல்லிட்டிருந்தா, எங்க வயசுப் பசங்க நிஜத் தங்கத்தையும் நம்ப மாட்டாங்க. சிலபஸ் பாடுனது மோசம். அகராதியை முழுங்கிட்டு வாந்தி எடுத்த மாதிரி இருக்கு. அதுவும் பதினாறு வரி பாடச் சொன்னா அந்த ஆளு பதினேழு பாடியிருக்காரு."

கடையே சிரித்தது. அந்தக் கதை ஊரறிந்தது. ஆளுக்குப் பதினாறு வரி என்பது பால்குடி மறந்த எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அலான்ஸோ எண்ணாமல் எழுதி, ஒரு வரி கூடுதலாகப் பாடிவிட்டான். பாட வாயைத் திறந்த டோபியாஸ் மூடிக்கொண்டு காத்திருந்தான். பிறகு அடக்க முடியாமல் சிரித்து, "முடிச்சிட்டீங்களா சார்?" என்று கேட்டுவிட்டுத் தொடங்கினான். அது அப்படியே பதிவாகிவிட்டது. அந்தக் கம்பெனி விட்டுச்சென்ற எல்லாவற்றிலும் ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்தது அந்தச் சிரிப்புதான். அந்தக் கேள்வியைச் சட்டையில் அச்சடித்து விற்கிறார்கள்.

அப்போ அந்தச் சிரிப்பு என்ன ஆவது என்று யாரோ கேட்டார்கள். அதை வெட்டி எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம், பாட்டுக்கு முன்னாலேயே வைத்துவிடலாம் என்றார் கார்ல்டன். எல்லோரும் நல்ல யோசனை என்று தலையாட்டினார்கள்.

அலான்ஸோ கையைத் தூக்கினான். தான் ஒரு சாதாரண ரசிகன் என்றும், சிலபஸ் என்பவரை நேரில் பார்த்ததுகூட இல்லை என்றும் தொடங்கினான். அந்தக் காலத்து ராப்பில் அவ்வளவு ஆழமான சொற்களை யாரும் பயன்படுத்தியதில்லை என்றான். பதினேழாவது வரி தப்பே இல்லை, வேண்டுமென்றே மரபை உடைத்த துணிச்சல், உலகம் அதைப் புரிந்துகொள்ள இன்னும் நாளாகும் என்றான். பேசப் பேச அவனுக்கே அது உண்மைபோலத் தோன்றியது. கடைசியில், அவர் ஆள் பார்ப்பதற்கும் நன்றாக இருப்பார் என்று கேள்விப்பட்டேன் என்று வேறு சேர்த்துக்கொண்டான். அந்த வாயை என்ன சொல்ல!

நையா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அங்கிள், நீங்க அவரோட அம்மாவா?"

சிரிப்பு அடங்கச் சற்று நேரம் பிடித்தது. வெர்னெட் மட்டும் சிரிக்கவில்லை. முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்கும் தெரிந்தது. ஒருவேளை கடைக்குள் நுழைந்தபோதே தெரிந்திருக்கலாம்.

"சரி, வெட்டணும்னு சொல்றவங்க கை தூக்குங்க" என்றாள் வெர்னெட்.

ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்குப் பலகாரம் எடுத்துக் கொடுத்தவர்கூடக் கை தூக்கினார். அலான்ஸோவுக்குத் தாங்கவில்லை. ஐம்பது வயதில், கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைகளிடம், மைத்துனனிடம், மெத்தை வாங்க வந்தவர்களிடமெல்லாம் நானும் ஒரு காலத்தில் பாடினவன் என்று சொல்லிவந்தானே, இனிமேல் எந்தத் தட்டைத் தூக்கிக் காட்டுவான்? தொப்பியைக் கழற்றி வீசிவிட்டு முன்னால் போனான்.

"நான்தான் சிலபஸ்" என்றான். "வெட்டுறதுன்னா என் மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டு வெட்டுங்க. கார்ல்டன், பீட்டைப் போடு."

இதற்கு மேல் யாரும் பேச முடியாது. ஒருத்தன் பாடிக் காட்டுகிறேன் என்று எழுந்துவிட்டால் வழிவிட்டு நிற்பதுதான் அங்கே மரியாதை, அவன் எவ்வளவு மட்டமாகப் பாடுபவனாக இருந்தாலும். நாற்காலிகளை ஓரமாகத் தள்ளினார்கள். கார்ல்டன், குரல் இல்லாமல் தாளம் மட்டும் உள்ள தட்டில் ஊசியை வைத்தார். தரை அதிர்ந்தது. அலான்ஸோ மைக்கைப் பிடித்தான்.

"சமன்பாடுகளின் சாம்ராஜ்யத்தில் சயனிக்கும் சக்கரவர்த்தி..."

குரல் இன்னும் இருந்தது. அதுவே அவனுக்கு ஆச்சரியம். இரண்டாவது வரி வந்தது, மூன்றாவது வந்தது, நான்காவதில் மூச்சு வாங்கியது. ஐந்தாவது வரவில்லை. அந்த இடம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. இந்தப் பதினாறு வரிக்காக எத்தனை பேரோடு சண்டை போட்டிருக்கிறான், ஆனால் கடைசியாக எப்போது பாடினான் என்று அவனுக்கே நினைவில்லை. தாளம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும். தினமும் சொல்லிப் பழகின வாய், தாளம் தப்பாமல், "சும்மா படுத்துப் பாருங்க, படுத்துப் பாருங்க" என்றது.

மானம் போயிற்று. மைக்கை வைத்துவிட்டு வாசலைப் பார்த்து ஓடிவிடலாமா என்று கால் பரபரத்தது.

அப்போது யாரோ ஐந்தாவது வரியைச் சொன்னார்கள். நிமிர்ந்து பார்த்தான். நையா. கையைக் கட்டிக்கொண்டு, அவனைப் பார்க்காமல், எதிர்ச் சுவரில் தொங்கிய ஆல்பங்களைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டிருந்தாள், ஒரு சொல் பிசகாமல். ஆறாவது வரியில் பலகாரம் கொடுத்தவர் சேர்ந்துகொண்டார். ஏழு, எட்டு என்று போகப் போகக் கடை முழுக்கச் சேர்ந்துகொண்டது. கை தூக்கின அத்தனை பேருக்கும் அது மனப்பாடம். கேலி செய்யவென்று கற்றுக்கொண்டார்களோ, வண்டியில் போகும்போது தானாக ஒட்டிக்கொண்டதோ, யார் கண்டது? பாடாமல் நின்றது எழுதினவன் ஒருத்தன்தான். அவன் உதடு மட்டும் பின்னாலேயே அசைந்தது. கோயில் கூட்டத்தில் பாட்டுத் தெரியாதவன் வாயை அசைப்பதுபோல.

பதினாறு முடிந்தது. ஒருத்தரும் நிறுத்தவில்லை. எல்லோரும் ஒரே குரலில் பதினேழாவதையும் பாடினார்கள்.

"மேலும் விவரங்களுக்கு அகராதியைப் பார்க்கவும்!"

அதற்கடுத்து டோபியாஸ் சிரிக்க வேண்டிய இடம். யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பைச் சட்டையில் போட்டுக்கொண்டு வந்தவர்கள்கூட வாயைத் திறக்கவில்லை. தாளம் மட்டும் ஓடியது. அலான்ஸோவுக்கு அவன் சிநேகிதன் அவ்வளவு பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, இந்த மடையன் எப்போது முடிப்பான் என்று. டோபியாஸ் போன பிறகு அவனுக்காக அலான்ஸோ ஒழுங்காக அழுததே இல்லை. பேட்டி எடுக்க வந்தவர்கள் தன்னிடம் வரவில்லையே என்ற பொருமலிலேயே அந்தத் துக்கம் கழிந்துவிட்டது. இப்போது எல்லோர் முன்னாலும், மைக்கைப் பிடித்தபடி அழுதான்.

கார்ல்டன் ஊசியைத் தூக்கினார். வெர்னெட் எழுந்து வந்து மேஜை மேலிருந்த டிஷ்யூ பெட்டியை அவனிடம் நீட்டினாள்.

"மூக்கைச் சிந்துடா லான்ஸோ" என்றாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "எதையும் வெட்டல. சத்தம் கம்மியா இருந்தா, திருகிக் கூட்டி வச்சிட்டுக் கேளுங்க."

சிலர் கை தட்டினார்கள். ஒன்றிரண்டு பேர் வந்து அவன் தோளில் தட்டினார்கள். பலகாரம் கொடுத்தவர், தானும் கை தூக்கினதை மறந்துவிட்டுப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். நையா தோள்பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவள், அவன் முன்னால் வந்து நின்றாள்.

"நான் சொன்னதை மாத்திக்க மாட்டேன், அங்கிள். பாட்காஸ்ட்லயும் அதைத்தான் சொல்லுவேன். நீங்க எழுதுனது மோசம்."

வழக்கமாக இந்த இடத்தில் அவன் வாதத்தைத் தொடங்குவான். மரபு, துணிச்சல், புரியாத உலகம் எல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருக்கும்.

"படு மோசம்மா" என்றான். "ஆனா நான்தான் எழுதுனேன்."